பாண்டியர் இலாயத்தில் மடிந்த குதிரைகள்: தீனியும் நோவும் தேறுதலும்



மொழியியல் பயின்றவன் குதிரையைப் பற்றிப் பேச முன்வந்தது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். யான் குதிரை ஏறியவன் அல்லன். கால்நடை மருத்துவமும் கற்றவன் அல்லன். ஆயினும், பழந்தமிழ் நாட்டு வரலாற்றைப் படித்துவந்த காலத்தில் ஒரு வினா என்னைப் பல்லாண்டுகள் விடாமல் தொடர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டும் அதே எண்ணிக்கையில் மீண்டும் வாங்கினார்கள். முன்னர் வாங்கிய குதிரைகள் எங்கே போயின? இந்த வினாவிற்கு விடை தேடும்போது வரலாறு, விலங்கின் உடற்கூறு, சொல்லாராய்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தழுவி வருவதைக் கண்டேன். அதனையே இவ்வுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

இரண்டு குதிரைகள், இரண்டு தீனிகள்

குதிரை தமிழகத்திற்குக் கடல்வழி வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் வந்திறங்கிய பண்டங்களைப் பட்டியலிடும்போது உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் குதிரைகளை முதலில் வைக்கிறார். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் மேற்கிலிருந்து வந்த வெண்குதிரைகள் இடம்பெறுகின்றன. இவ்விரு செய்திகளையும் மாணவர்கள் பாடநூல் வழி அறிந்திருப்பீர்கள்.

வந்திறங்கிய குதிரை என்ன தின்றது என்னும் செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புறநானூற்றின் 299ஆம் பாட்டு இதற்கு அரிய சான்று. பாடியவர் பொன்முடியார். பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூரின் தலைவனிடம் ஒரு குதிரை இருந்தது. அதற்குக் கிடைத்த தீனி உழுந்தின் பொட்டு; நடையும் தளர்ந்த நடை. மருதவளம் மிக்க பெருமன்னர்களின் குதிரைகளோ நெய் பெய்து மிதித்த உணவை உண்டவை. பிடரிமயிர் கத்தரித்து, மாலை சூட்டி அணிசெய்யப்பட்டவை. போர் மூண்டபோது பொட்டு தின்ற குதிரை படைக்கடலைப் பிளந்துகொண்டு சென்றது. நெய்யுணவு உண்டவை பின்வாங்கி நின்றன.

உரையாசிரியர்கள் இதனைச் சிற்றூர்த் தலைவனின் மறத்தைப் போற்றும் பாட்டாகக் கொள்வர், அது பொருந்தும். ஆனால் அப்பாட்டினுள் ஒரு நேர்காட்சியும் இருக்கிறது. நெய்யும் சோறும் ஊட்டி வளர்த்த குதிரை அழகாக இருந்தும் களத்தில் உதவவில்லை என்பதை அக்காலத்து மக்கள் கண்டிருக்கிறார்கள். ‘நெய்ம்மிதி’ என்று அவ்வுணவுக்கு ஒரு பெயரே வழங்கியது. இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு பாரசீக வரலாற்றாசிரியர் ஏறத்தாழ இதே உணவைப் பார்த்துத் திகைக்கப் போகிறார்.

காயல் துறையும் இரண்டு சான்றாளர்களும்

1290களில் பாண்டிய நாட்டைக் கடந்து சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரபியர் வழக்கை ஒட்டி அந்நாட்டை ‘மாபார்’ என்று குறிக்கிறார். ஐந்து உடன்பிறந்தார் அரசாண்டனர் என்றும், அவர்களுள் ஒருவரே ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், ஏனைய நால்வரும் அவ்வாறே செய்தனர் என்றும் எழுதுகிறார். குதிரைகள் ஓர்முசு, கீசு, தோபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வந்தன. ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று.

அதற்கு அவர் காட்டும் காரணங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, அந்நாட்டில் குதிரை மருத்துவம் அறிந்தார் இல்லை. இரண்டாவது, குதிரை விற்கும் வணிகர்கள் மருத்துவம் அறிந்தவர்களைத் தங்களுடன் அழைத்து வருவதும் இல்லை. பிறரை வரவிடுவதும் இல்லை. குதிரை மடிந்தால்தானே மறு ஆண்டு விற்பனை நடக்கும்! மூன்றாவது, தீனி. சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினார்கள் என்கிறார். நல்ல ஆண்குதிரையோடு நல்ல பெட்டை சேர்ந்தாலும் பிறக்கும் கன்று கால் கோணிச் சவாரிக்கு உதவாததாக இருந்தது என்றும் குறிக்கிறார்.

இரண்டாம் சான்றாளர் வஸ்ஸாஃப். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் வரலாறு எழுதியவர். கீசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். கப்பலில் வரும் வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பணம் அரசுக் கருவூலத்திலிருந்து செல்லவில்லை, கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த கணிகையர் செலுத்திய வரியிலிருந்தும் சென்றது என்றும் அவர் எழுதுகிறார்.

குதிரையைப் பேணிய முறையைப் பற்றி வஸ்ஸாஃப் கூறுவது போலோ கூறுவதைவிட விரிவானது. பச்சை வாற்கோதுமைக்கு மாற்றாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்து சமைத்த தானியமும் கொடுத்தனர். குடிப்பதற்குக் காய்ச்சிய பசும்பால் வைத்தனர். கொழுப்பதற்காக முளையடித்துக் கயிற்றால் நாற்பது நாள் இலாயத்தில் கட்டி வைத்தனர். பின்னர்ப் பழக்காமலே ஏறி விரட்டினர். வலிமையும் விரைவும் வாய்ந்த குதிரைகள் சிறிது காலத்திற்குள் தளர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாதவை ஆயின என்பது அவர் முடிவு.

இருவர் கூற்றையும் அப்படியே ஏற்றல் ஆகாது. இருவருக்கும் செய்தி வந்த வழி பெரும்பாலும் வளைகுடா வணிகர் வாய்வழி. தாம் விற்ற பொருள் கெட்டதற்கு வாங்கியவரே காரணம் என்று வணிகர் கூறுவது உலக வழக்கு. ஆயினும், ஒருவரையொருவர் அறியாத இருவர், தீனியையும் பேணுமுறையையும் காரணமாகக் காட்டுவதில் ஒன்றுபடுகின்றனர். அக்காரணம் குதிரையின் உடற்கூற்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே அடுத்த படி.

குதிரையின் வயிறு கூறும் சாட்சி

மாடு அசைபோடும் விலங்கு, குதிரை அவ்வாறன்று. அதன் இரைப்பை அதன் பேருடலுக்குச் சிறியது; 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். புல்லின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பின்பகுதியில் உள்ள பெருங்குடலில் வாழ்கின்றன. ஆதலின் நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கு அமைந்த உடல் அது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்நிலைக் கணக்கில் 7.5 முதல் 10 கிலோ வரை புல்லோ வைக்கோலோ வேண்டும் என்பது இன்றைய கணக்கு.

அத்தகைய உடலில் ஒரே வேளையில் மிகுந்த தானியத்தைச் செலுத்தினால், முன்குடலில் செரியாத மாவுச்சத்து பெருங்குடலுக்குள் வழிந்து புளிக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மடிந்து நச்சுப்பொருள்கள் குருதியில் கலக்கின்றன. இதன் விளைவுகள் இரண்டு. ஒன்று வயிற்றுச் சூலை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது; ஆகையால் இரைப்பை உப்பினால் அது வெடிக்கவும் கூடும். மற்றொன்று குளம்பு அழற்சி. குளம்பின் உட்சுவரையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய அடுக்குகள் அழன்று பிரிகின்றன. குதிரை தன் உடலின் முழு எடையையும் பெயர்ந்த நகத்தின்மீது தாங்குவதைப் போன்ற துன்பம் அது. வாற்கோதுமையை மிகுதியாகத் தின்றதால் குதிரைக்கு வரும் இந்நோயைக் கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டில் அறிந்திருந்தார்.

நாற்பது நாள் கட்டிவைத்ததும் தீங்கே. உழைப்பின்றி நிறைதீனி தின்ற குதிரையைத் திடீரென ஓட்டினால் அதன் தசைகள் இறுகிச் சிதைகின்றன, சிறுநீர் கருநிறமாகிறது. ஐரோப்பியர் இதற்குத் ‘திங்கட்கிழமை நோய்’ என்று பெயரிட்டனர். ஞாயிறன்று ஓய்வில் முழுத்தீனி தின்று மறுநாள் வண்டி இழுத்த குதிரைகளுக்கு வந்ததால் அப்பெயர்.

கடற்பயணத்தையும் மறத்தல் கூடாது. குதிரை தலையைத் தாழ்த்தி மேயும்போதுதான் மூச்சுக்குழாயில் சேர்ந்த சளியும் தூசும் வெளியேறும். தலை உயரக் கட்டப்பட்டுப் பல நாள் நின்ற குதிரைக்கு நுரையீரலில் சீழ்க்காய்ச்சல் காண்பது இன்றும் நெடும்பயணங்களில் நிகழ்கிறது. அவ்வாறு வந்திறங்கிய குதிரைக்கு வேண்டுவது ஓய்வு, புல், தூய நீர், உப்பு. வெப்பமும் புழுக்கமும் மிக்க சூழலில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். அதனோடு உப்பும் போகிறது. மெலிந்து நலிந்த விலங்குக்குத் தானியத்தை உடனே கூட்டுவது தேறுதலுக்கு வழியாகாது. தீனியை ஒன்று முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்ற வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர் கூறும் நெறி.

கால் கோணிய கன்றுகளுக்கும் விளக்கம் தேடலாம். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. பெரும்பாலும் அவற்றையே தின்னும் குதிரையின் எலும்பு வலுவிழக்கும். கருவுற்ற பெட்டைக்கும் வளரும் கன்றுக்கும் இக்குறை தீங்கு செய்திருத்தல் கூடும்.

ஆகவே வெளிநாட்டார் சொன்ன காரணம் பெரிதும் பொருந்துகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, குதிரைகள் பட்டினியால் மடியவில்லை என்பது. நெய்யும் பாலும் இறைச்சியும் விலையுயர்ந்த உணவுகள். தமக்கு எது சிறந்த உணவோ அதனையே குதிரைக்கும் கொடுத்தார்கள். அன்பும் பெருமிதமும் இருந்தன. அவ்விலங்கின் இயல்பை அறிந்த கண் இலாயத்தில் இல்லை.

ஏட்டில் இருந்த அறிவு

அப்படியானால் இந்தியாவில் குதிரை மருத்துவமே இல்லையா? இருந்தது. 1909இல் சாமசாஸ்திரியார் மைசூரில் பதிப்பித்த அர்த்தசாத்திரம், குதிரைக் கண்காணிப்பாளருக்கென ஓர் இயலையே வகுத்துள்ளது. உயர்தரக் குதிரைக்கு நாளொன்றுக்கு இரண்டு துரோணம் தானியம், ஒரு பிரஸ்தம் எண்ணெய், ஐந்து பலம் உப்பு, ஐம்பது பலம் இறைச்சி என்று அது அளவு சொல்கிறது. புல்லும் பசுந்தீவனமும் உடன் சொல்லப்படுகின்றன. போலோ வியந்த இறைச்சித் தீனி பாண்டியர் புதிதாகக் கண்டதன்று என்பது இதனால் விளங்கும். பழைய நெறியின் ஒரு பகுதியாகிய நெய்யும் இறைச்சியும் நிலைத்தன. புல்லும் அளவும் பயிற்சியும் வழியில் நழுவின என்று கருத இடமுண்டு.

அந்நூல் மருத்துவரைப் பற்றியும் பேசுகிறது. பருவத்திற்கேற்பத் தீனியை மாற்றுவது அவர் கடமை. மருத்துவக் குறையால் நோய் முற்றினால் செலவின் இருமடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம். போரினாலோ நோயினாலோ முதுமையினாலோ உழைக்க இயலாத குதிரைக்கும் உயிர்வாழப் போதிய தீனி அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறும் இடத்தில் சோழர், பாண்டியர் நாடுகளையும் பெயர் சுட்டுகிறது. சாலிகோத்திரர், நகுலர் பெயர்களால் வடமொழியில் குதிரை மருத்துவ நூல்கள் வழங்கின. நகுலர் பெயரிலான அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்தது.

ஏட்டில் அறிவு இருந்தது. இலாயத்தில் தீனி வைப்பவன் கைக்கு அது வந்து சேரவில்லை. கரைக்கு வந்த வணிகனோ தான் அறிந்ததை மறைத்தான். இவ்விரண்டிற்கும் இடையில்தான் குதிரைகள் மடிந்தன.

மாணிக்கவாசகர் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் கூறும் முறையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். மன்னன் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்க அமைச்சரை அனுப்புகிறான். குதிரைகள் வருகின்றன, மன்னன் மகிழ்கிறான். அன்றிரவே அவை நரிகளாகி, முன்பே இலாயத்தில் நின்ற குதிரைகளைக் கடித்துக் கொன்றுவிட்டு ஓடுகின்றன. இறைவன் திருவிளையாடலாக அடியார்கள் போற்றும் கதை இது. அதன் பொருளைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் பொன் கொடுத்து வாங்கிய குதிரை விடிவதற்குள் இல்லாமற் போவதும், இலாயத்தில் பிணங்கள் கிடப்பதும் கேட்போர்க்குப் பழகிய காட்சியாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

சொற்களின் சாட்சி

இனி என் துறைக்கு வருகிறேன். குதிரையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் பல: பரி, புரவி, இவுளி, மா, கலிமா, பாய்மா. குதிரை என்பதையே குதித்தலோடு இயைத்துப் பொருள் கூறுவர். இவை பெரும்பாலும் விரைவையும் செருக்கையும் எழுச்சியையும் நோக்கியவை. தொலைவில் நின்று வியப்பவன் கண்ணுக்குப் படுபவை. தொல்காப்பிய மரபியல் குதிரையின் இளமைக்குக் ‘கன்று’ என்றும் பெண்மைக்குப் ‘பெட்டை’ என்றும் பெயர் வகுக்கிறது.

பேணுதற்குரிய சொற்களைப் பாருங்கள். லாயம், லாடம், லகான் ஆகிய மூன்றும் லகரத்தில் தொடங்குகின்றன. லகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. ஆதலால் இவை பின்னர் வந்தவை என்பதற்கு அவற்றின் முதலெழுத்தே சான்று. இகரம் சேர்த்து ‘இலாயம்’, ‘இலாடம்’ என எழுதியது அவற்றைத் தமிழ்மரபுக்குள் அமைத்துக்கொள்ளும் முயற்சி. குதிரைவீரரைக் குறித்த ‘ராவுத்தர்’ என்பதும் அத்தகைய முதலெழுத்து உடையதே. லகான், சவாரி, சவுக்கு ஆகியவை பாரசீக வழி வந்தவை. பழைய நூல்களில் வரும் ‘கலினம்’ என்னும் கடிவாளப் பெயர் வடமொழி வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது.

தீனிச் சொற்களோ நம்முடையவை: புல், உழுந்து, கொள், மிதி, கவளம். கொள்ளைத் தென்மாவட்டத்தார் ‘காணம்’ என்பர். ஆங்கிலேயர் அதற்கு ‘ஹார்ஸ் கிராம்’ என்று குதிரையின் பெயரையே சூட்டினர்.

துன்பத்தைக் குறிக்கும் சொற்களில் மேலும் ஒரு பாடம் இருக்கிறது. ‘நோ’ என்னும் அடியிலிருந்து நோய், நோவு, நோதல் பிறந்தன. இன்று நாம் வழங்கும் ‘வலி’ பழந்தமிழில் வலிமையைக் குறித்தது; திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தை நினைத்துக்கொள்க. பிற்காலத்தில் அச்சொல்லே துன்பத்தையும் குறிக்கலாயிற்று. குதிரையைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒரே உடலில் நிற்கின்றன. இரையாகும் விலங்கு தன் நோவை மறைத்தே வாழப் பழகியது. தளர்ந்ததாகத் தோன்றினால் கொன்றுண்ணும் விலங்கு அதனையே குறிவைக்கும். எனவே அதன் நோவை அறிய நுண்ணிய பார்வை வேண்டும். 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தில் ஆறு குறிகளை வகுத்தனர்: பின்னோக்கி விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத்துளை. மன்னன் குதிரையின் வலியை, அதாவது வலிமையை, விலை கொடுத்து வாங்கினான். அதன் வலியை, அதாவது நோவை, காணும் கண்ணை அவனால் விலைக்கு வாங்க இயலவில்லை.

நம் ஊர்க் குதிரைக்காரர்

நம் மண்ணுக்கும் இதில் தொடர்பு உண்டு. சிங்கப்பூரில் 1842இல் குதிரைப் பந்தயக் கழகம் தொடங்கியது. மறு ஆண்டு பேரர் பூங்காத் திடலில் முதற்பந்தயம் நடந்தது. சிராங்கூன் வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. பந்தயத்திடல் 1933இல் புக்கித் தீமாவுக்கும் பின்னர்க் கிராஞ்சிக்கும் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அந்நெடுங்காலத்தில் குதிரை பேணியவர்களுள் இந்தியத் தொழிலாளர் பலர். மலாயில் அவர்களுக்கு ‘சாயிஸ்’ என்று பெயர். அது அரபுச் சொல். தமிழர் ‘குதிரைக்காரர்’ என்றனர்.

ஓய்வுபெற்ற அத்தகைய முதியவர் ஒருவரோடு சில ஆண்டுகளுக்கு முன் உரையாடினேன். காலையில் குதிரையைப் பார்க்கும் முன் தீனித்தொட்டியைப் பார்ப்பாராம். மிச்சம் இருந்தால் அன்று குதிரைக்கு வேலை இல்லை. அதன்பின் சாணத்தைப் பார்ப்பார். நான்கு குளம்புகளிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஒரு குளம்பு மட்டும் சூடாக இருந்தால் தானியத்தை நிறுத்திவிட்டு, குளிர்ந்த நீரில் காலை நிறுத்தி, மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவார். எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் காயல் துறை வணிகர் மறைத்து வைத்த அறிவில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. அவர் வழங்கிய தொழிற்சொற்களில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்திருந்தன. நான் எழுதிக்கொண்டது இரண்டு பக்கம். மறுமுறை சென்றபோது அவர் மறைந்துவிட்டார்.

ஆசிரியப் பெருமக்களே, ஒரு பொருள் ஒரு நாட்டிற்குள் வருவது எளிது. அதனைப் பேணும் அறிவு அந்நாட்டு மக்களின் மொழியில் வேரூன்ற வேண்டும். தீனி வைக்கும் கை வரைக்கும் அது சென்று சேர வேண்டும். பாண்டியர் இலாயம் கற்பிப்பது அதுவே. மாணவர்கள் தம் குடும்பத்துப் பெரியவர்களிடம், அவர்கள் செய்த தொழில் எதுவாயினும், அத்தொழிலின் சொற்களைக் கேட்டு எழுதிவையுங்கள். நாள் தாழ்த்தாதீர்கள். என்னிடம் எஞ்சியிருப்பது அந்த இரண்டு பக்கமே.